கரியடுப்பு இல்லையென்றால் கபாப் இல்லையா?



பாடக்குறிப்பையும் தேர்வுத்தாளையும் பற்றி எழுதிவரும் இப்பக்கத்தில் இறைச்சிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. சென்ற வாரம் ஆசிரியர் அறையில் இளைய ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். "டீச்சர், விடுமுறைக்குப் பிள்ளைகள் சீக் கபாப்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். பாகிஸ்தான் உணவகத்தில் ஒருமுறை தின்றுவிட்டார்கள், அதிலிருந்து இதே பேச்சு. நாங்கள் இருப்பதோ பதினோராம் மாடி. கரியில் சுடாவிட்டால் அது கபாபே இல்லையாமே! சிறிய கரியடுப்பு ஒன்றை வாங்கிக் குசினியில் வைத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். சரிப்படுமா?" என்று வினவினார்.

சரிப்படாது. அதை விளக்கமாகச் சொல்லவே இக்கட்டுரை.

"கரி இல்லையேல் கபாப் இல்லை" என்னும் பேச்சு இன்று சமையல் காணொளிகளில் அடிக்கடி காதில் விழுகிறது. அது பாதி உண்மை. அந்தப் பாதியை முழுதாக நம்பிச் சிலர் வீட்டில் கபாப் செய்யும் எண்ணத்தையே கைவிடுகிறார்கள். வேறு சிலர் கரியடுப்பை வீட்டுக்குள் தூக்கி வந்துவிடுகிறார்கள். முன்னவர் இழப்பது ஒரு நல்ல உணவு. பின்னவர் இழக்கக்கூடியது உயிர்.

மிகைப்படுத்துகிறேன் என்று எண்ண வேண்டாம். 2011ஆம் ஆண்டின் இறுதி விடுமுறை. அப்போது நாங்கள் தரைவீட்டில் குடியிருந்தோம். சாத்தே சுடும் நீண்ட கரியடுப்பை வாசலில் மூட்டி வைத்திருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. கோத்து வைத்த இறைச்சியை வீணாக்க மனமின்றி அடுப்பைப் பின்கட்டுச் சமையலறைக்குள் நகர்த்தினேன். சாரல் அடித்ததால் சன்னல்களையும் சாத்தினேன். கரி நன்றாகக் கனன்று செந்நிறமாகியிருந்தது. புகையே இல்லை. புகை இல்லாததால் தீங்கும் இல்லை என்று நம்பினேன். அரைமணி நேரத்தில் மாமியார் தலை வலிக்கிறது என்றார். இளைய மகன் குமட்டுகிறது, தூக்கம் வருகிறது என்றான். பசி மயக்கம் என்று நினைத்து, "இதோ ஆயிற்று, பொறுங்கள்" என்று சொல்லிக்கொண்டே கம்பிகளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். எனக்கே கால் தள்ளாடிய பிறகுதான் ஏதோ தவறு நடக்கிறது என்று உறைத்தது. எல்லாரையும் மழையென்றும் பாராமல் வெளியே இழுத்து வந்தேன். பின்னர் மருத்துவர், "இன்னும் சிறிது நேரம் உள்ளே இருந்திருந்தால்..." என்று தொடங்கி, மாமியார் அருகில் அமர்ந்திருப்பதைக் கண்டு பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வளி வெளிப்படுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு உயிர்வளியைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு அது ஒட்டிக்கொள்கிறது. அதனால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே உடல் உயிர்வளியின்றித் தவிக்கிறது. சன்னல் திறந்திருக்கிறதே, விசிறி சுழல்கிறதே என்பதெல்லாம் ஓர் அடுப்பு நிறையக் கரிக்குப் போதிய காப்பு ஆகாது. அறிவியல் ஆசிரியர்களுக்கு இது தெரிந்த செய்திதான். எனக்கும் ஏட்டளவில் தெரிந்தே இருந்தது. கம்பியைத் திருப்பும்போது அது நினைவுக்கு வரவில்லை என்பதே சிக்கல்.

சரி, கரியை விலக்கிவிட்டால் எஞ்சுவது என்ன? பெரும்பகுதி எஞ்சுகிறது என்பதே என் கருத்து. அதைப் புரிந்துகொள்ளக் கபாப் பிறந்த ஊர்களின் பக்கம் ஒருமுறை போய் வரவேண்டும்.

லாகூரின் கடைத்தெருக்களிலும் கராச்சியின் பர்ன்ஸ் சாலையிலும் கபாப் சுடும் அடுப்பு குறுகலான நீண்ட தொட்டியைப் போன்றது. அதன்மேல் வலைத்தட்டு கிடையாது. இரும்புக் கம்பியின் இரு முனைகளும் தொட்டியின் விளிம்புகளில் தங்க, இறைச்சி எதன்மீதும் படாமல் கனலுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். சுடுபவர் ஒரு கையால் விசிறிக்கொண்டே மறுகையால் கம்பிகளைத் திருப்பிக்கொண்டிருப்பார். கராச்சியில் 'தாகா கபாப்' என்று ஒருவகை உண்டு. கைமா அத்துணை மென்மையாக இருப்பதால் கம்பியிலிருந்து நழுவாதிருக்க நூலால் சுற்றிக் கட்டிச் சுடுவார்கள். தாகா என்றால் நூல். உண்பவர் நூலை உருவிவிட்டு உண்ண வேண்டும்.

இதெல்லாம் கடையில். வீட்டில் என்ன செய்கிறார்கள்? கராச்சி நகரத்திலும் அடுக்குமாடி வீடுகள் நிறைய உண்டு. அவ்வீடுகளில் கைமாவைக் கம்பியிலோ குச்சியிலோ பிடித்து, தட்டையான வாணலியில் சிறிது எண்ணெய் விட்டுச் சுட்டெடுத்து, இறுதியில் ஒரே ஒரு கரித்துண்டால் புகை காட்டுவது வழக்கமான செயல். இதனைக் 'கோய்லே கா தம்' என்பார்கள். கபாபின் சொந்த மண்ணில் இல்லத்தரசியர் ஏற்றுக்கொண்ட வழியை நாம் மட்டும் போலி என்று ஒதுக்குவானேன்?

இடையில் தமிழாசிரியருக்கே உரிய ஆசை ஒன்று: சொல் ஆராய்ச்சி. 'சீக்' என்றால் உருது மொழியில் கம்பி. உருதுக்காரர் 'கீமா' என்பதை நாம் 'கைமா' என்கிறோம். கம்பியில் கோத்துச் சுடுவது நமக்கும் புதிதன்று. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில் கம்பியில் சுட்ட கொழுத்த ஊனைப் பற்றிய குறிப்பு வருகிறது. அக்கம்பிக்கு அங்கே 'காழ்' என்று பெயர். மேல்வகுப்பு மாணவர்களுக்கு இச்சொல்லைக் கற்பிக்கும் நாளில் ஒரு கபாப் கம்பியைக் கையில் எடுத்துச் சென்றால் போதும், பிறகு மறக்கமாட்டார்கள்.

இனி விடயத்துக்கு வருவோம். கரி இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, கடுமையான வெப்பத்தைக் கதிர்களாக வீசி இறைச்சியின் மேற்புறத்தை விரைவில் சிவக்க வைக்கிறது. இரண்டாவது மணம். இந்த மணத்தைப் பற்றித்தான் தவறான எண்ணம் பரவியிருக்கிறது. நன்கு கனன்ற கரி தானாகத் தரும் மணம் மிகச் சிறிது. இறைச்சியின் கொழுப்பு உருகிச் சொட்டுச் சொட்டாகக் கனலில் விழுந்து, அங்கே ஆவியாகிப் புகைந்து, மீண்டும் மேலெழுந்து இறைச்சியில் படிகிறதே, அதுதான் நாம் 'கரி வாசம்' என்று கொண்டாடுவது. ஆக, கொழுப்பு ஒரு நெருப்புத் துண்டின்மேல் விழ வேண்டும். அதற்கு ஒரு மூட்டைக் கரி எதற்கு?

வெப்பத்தைத் தருவதற்கு வீட்டு ஓவனின் மேற்கம்பி இருக்கிறது. 'கிரில்' என்று குறியிட்டிருக்கும் அமைப்பைத் திருப்பினால் மேலே சிவக்கிறதே, அதுவும் கதிர்வெப்பம்தான். கரி கீழிருந்து சுடுகிறது, இது மேலிருந்து சுடுகிறது. வேறுபாடு அவ்வளவே. பலர் செய்யும் பிழை, கேக் சுடுவதுபோல 180 பாகையில் அரைமணி நேரம் வைப்பது. அப்படி வைத்தால் கைமா சாறெல்லாம் கக்கி, சாம்பல் நிறத்தில் உலர்ந்த குழாய்போல ஆகிவிடும். பிறகு "பார்த்தீர்களா, கரி இல்லாமல் வராது" என்று பழியை ஓவன்மேல் போடுவார்கள்.

ஆனால் கபாப் நன்றாக வருவதும் வராததும் நெருப்புக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. கம்பியிலிருந்து கழன்று விழுவதுதான் வீட்டுக் கபாபின் பெரும்பிணி. அதற்கு நெருப்பு காரணமில்லை, நீர்தான் காரணம்.

கைமாவைக் கழுவாதீர்கள். நம் இல்லங்களில் எந்த இறைச்சியையும் மஞ்சள் நீரில் நான்கு முறை அலசாமல் அடுப்பில் ஏற்றமாட்டோம். அந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. கழுவியே தீரவேண்டுமென்றால் முழுத்துண்டாக வாங்கிக் கழுவி, துணியால் ஈரம் போக ஒற்றியெடுத்து, பிறகு அரையுங்கள். சந்தையில் அரைத்து வாங்கினால் இருமுறை அரைக்கச் சொல்லுங்கள். கொழுப்பு ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். பாகிஸ்தானில் பெரும்பாலும் மாட்டிறைச்சியில் செய்வார்கள், ஆட்டிறைச்சியிலும் உண்டு. மாட்டிறைச்சி உண்ணாத இல்லங்களுக்குச் செம்மறியாட்டின் தோள்பகுதி மிகப் பொருத்தம். வெள்ளாட்டு இறைச்சியில் கொழுப்பு குறைவாதலால் அரைக்கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி நெய்யோ வெண்ணெயோ சேர்க்க வேண்டும். கோழியென்றால் தொடைப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள். நெஞ்சுக்கறியில் செய்தால் நார்தான் மிஞ்சும்.

வெங்காயம் அடுத்த எதிரி. நடுத்தர வெங்காயம் ஒன்றைத் துருவி, மெல்லிய துணியில் கட்டி, இனி ஒரு துளியும் வராது என்னுமளவுக்குப் பிழியுங்கள். அந்தச் சாற்றைக் குழம்பில் ஊற்றிக்கொள்ளலாம். கொத்துமல்லித்தழை, புதினா இரண்டையும் நறுக்குவதற்கு முன்பே உலர்த்திவிடுங்கள்.

அரைக்கிலோ கைமாவுக்கு நான் சேர்ப்பவை: வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்த கொத்துமல்லி விதை இரண்டு தேக்கரண்டி, சீரகப்பொடி ஒரு தேக்கரண்டி, இடித்த காய்ந்த மிளகாய் ஒரு தேக்கரண்டி, பச்சை மிளகாய் மூன்று, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, கரம் மசாலா அரைத் தேக்கரண்டி, உப்பு ஏறத்தாழ 8 கிராம். பிடிமானத்துக்குப் பாகிஸ்தானியர் வறுத்த கடலையை மாவாக்கிச் சேர்ப்பார்கள். நம் வீட்டுப் பொட்டுக்கடலைதான் அது! சட்டினிக்கு வைத்திருப்பதில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். முட்டையும் ரொட்டித்தூளும் வேண்டாம் என்பது என் கட்சி. முட்டை கலவையைத் தளர்த்துகிறது, ரொட்டித்தூள் கபாபைக் கட்லெட் ஆக்கிவிடுகிறது. பப்பாளிக்காய் விழுதை இறைச்சித் துண்டுகளுக்குச் சேர்ப்பார்கள். கைமாவுக்கு அது தேவையே இல்லை. அளவு மிஞ்சினால் கூழாகிவிடும்.

பிறகு பிசைய வேண்டும். இதைத்தான் சமையல் குறிப்புகள் 'நன்கு கலக்கவும்' என்று இரண்டு சொல்லில் கடந்துவிடுகின்றன. காரணம் சொல்லாத குறிப்பு மனனம் செய்த கட்டுரையைப் போன்றது. ஒரு வரி மறந்தால் முழுதும் போயிற்று. உப்பு இறைச்சியிலுள்ள ஒருவகைப் புரதத்தைக் கரைத்து வெளிக்கொணர்கிறது. அழுத்திப் பிசையப் பிசைய அப்புரதம் பசையாகிக் கைமாவை ஒன்றாகப் பிணைக்கிறது. ஐந்து நிமிடம் சப்பாத்தி மாவைப் பிசைவதுபோல உள்ளங்கையால் தேய்த்துப் பிசையுங்கள். கையைக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பதம் வரவேண்டும். கைமா குளிர்ச்சியாக இருப்பதும் கட்டாயம். நம் நாட்டு வெக்கையில் கொழுப்பு கைச்சூட்டிலேயே உருகத் தொடங்கிவிடும். பிசைந்ததை மூடிக் குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரமாவது வையுங்கள். ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து வாணலியில் சுட்டு உப்புப் பார்த்துக்கொள்வது நல்லது. பச்சைக் கைமாவை நாவில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம்.

கம்பியைப் பற்றி ஒரு சொல். உருண்டைக் கம்பியில் கைமா பிடித்தால், திருப்பும்போது கம்பி மட்டும் சுழலும், இறைச்சி அசையாது. தட்டையான அல்லது சதுர முனைகொண்ட இரும்புக் கம்பியே ஏற்றது. சூட்டைக் கடத்தி உள்ளிருந்தும் வேகவைக்கும். சாத்தே குச்சிதான் உள்ளதென்றால் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பயன்படுத்துங்கள். அரைமணி நேரம் நீரில் ஊறவைத்தால் கருகாது. மூங்கில் சூட்டைக் கடத்தாதாகையால் கபாபைச் சற்று மெல்லியதாகப் பிடிக்க வேண்டும். கையை நனைத்துக்கொண்டு, எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிய உருண்டையைக் கம்பியில் குத்தி, விரல்களால் அழுத்தி நீளமாக இழுத்துக்கொண்டே போய், இரு முனைகளையும் கம்பியோடு ஒட்ட அழுத்திவிடுங்கள். பிடித்ததும் மீண்டும் அரைமணி நேரம் குளிர்பெட்டியில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். தாராளமாகக் கொடுங்கள். வேலை முடிந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் செய்யுங்கள், அதுவரை மூக்கைத் தொடவும் விடாதீர்கள்.

ஓவனைக் கால்மணி நேரம் உச்ச அளவில், 230 முதல் 250 பாகை செல்சியஸ் வரை, சூடேற்றுங்கள். ஆழமான தட்டொன்றில் அலுமினியத் தாள் விரித்து, சிறிது நீர் ஊற்றி, கம்பிகளின் முனைகள் தட்டின் விளிம்புகளில் தங்குமாறு குறுக்காக அடுக்குங்கள். லாகூர்த் தொட்டி இப்போது உங்கள் ஓவனுக்குள் வந்துவிட்டது! இறைச்சி எதிலும் படாமல் நிற்கும், சொட்டும் கொழுப்பு நீரில் விழுவதால் வீடு முழுதும் புகை சூழாது. கிரில் அமைப்பில், மேற்கம்பிக்கு ஒரு சாண் தொலைவுக்குள் தட்டை வைத்து, ஐந்தாறு நிமிடத்தில் ஒருமுறை திருப்பி நெய் தடவி, மறுபக்கம் நான்கைந்து நிமிடம் சுட்டால் போதும். இறைச்சி வெப்பமானி வைத்திருப்போர் உட்புறம் 71 பாகையும், கோழியானால் 74 பாகையும் எட்டியதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஓவன் இல்லாதோர் வருந்த வேண்டாம். கனமான இரும்புத் தோசைக்கல்லை நன்கு காயவைத்து, குச்சிகளைக் கல்லுக்கேற்ப நறுக்கிக்கொண்டு, உருட்டி உருட்டிச் சுடலாம். ஏர் பிரையர் வைத்திருப்போருக்கு 200 பாகை, பத்துப் பன்னிரண்டு நிமிடம்.

இனிப் புகை. கட்டைவிரல் அளவு கரித்துண்டு ஒன்று. மரக்கரியோ சிரட்டைக்கரியோ இருக்கலாம். விரைவில் பற்றுவதற்கு எரிபொருள் கலந்து விற்கும் கரிக்கட்டிகளைத் தொடவே வேண்டாம், மண்ணெண்ணெய் நாற்றம்தான் மிஞ்சும். எரிவாயு அடுப்பில் இடுக்கியால் பிடித்துக் கரியைச் சிவக்கவைத்து, சுட்ட கபாப்களை அடுக்கிய பாத்திரத்தின் நடுவில் ஒரு சிறு கிண்ணத்தில் இட்டு, அதன்மேல் அரைத் தேக்கரண்டி நெய் விட்டு, உடனே மூடுங்கள். மூன்று நிமிடம். கொழுப்பு கனலில் விழுந்து புகைகிறது. பர்ன்ஸ் சாலையில் நடப்பதும் இதுதான். கரியை வீட்டுக்குள் கொண்டுவராதே என்று எழுதிவிட்டு இதை மட்டும் எப்படிச் சொல்லலாம் என்பீர்கள். அடுப்பு நிறையக் கரி மணிக்கணக்கில் எரிவதும், ஒரு துண்டு மூன்று நிமிடம் புகைவதும் ஒன்றல்ல. ஆயினும் சன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியைப் போட்டுவிட்டே இதைச் செய்யுங்கள். முடிந்ததும் கரியை நீரில் அமிழ்த்திவிடுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதையும் தவிர்த்துவிடலாம். அங்கே மசாலாவில் ஒரு கருப்பு ஏலக்காயின் விதைகளைப் பொடித்துச் சேர்த்தால் போதும். அதனை நெருப்புப் புகையில் உலர்த்துவதால் இயல்பாகவே புகைமணம் உண்டு. மின்னடுப்பு மட்டும் உள்ளவர்களுக்கும் அதுவே வழி.

மேற்படி ஆசிரியை கடந்த சனிக்கிழமை செய்து பார்த்தாராம். ஏழு கம்பிகளில் ஐந்து அழகாக வந்தன. இரண்டு மட்டும் கழன்று தட்டு நீரில் விழுந்துவிட்டன. விசாரித்ததில், பிள்ளைகளின் பாட்டி மனம் கேளாமல் கைமாவில் ஒரு பிடியை எடுத்து மஞ்சள் நீரில் அலசிவிட்டார் என்று தெரிந்தது. விழுந்தவற்றை மறுநாள் தக்காளி வெங்காயத்தோடு பிரட்டிப் பள்ளிக்குக் கட்டிக்கொடுத்தாராம். வீட்டுக்காரர் மட்டும், "இன்னும் கொஞ்சம் கரி வாசம் இருந்திருக்கலாம்" என்கிறாராம்.